கிழக்கே மறைந்த கதிரவன்!

தோழா!

கைதட்டிய குற்றம் ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொண்டு இந்த வாரம் எழுதத் தொடங்குகிறேன்.

2003-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 9-ஆம் நாள் இரவு. எனக்கு வயது பதின்மூன்று. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடை. பாய்லரின் ஆவிக்கு மேலே, பலகையொன்றில் தொலைக்காட்சிப் பெட்டி. பாக்தாத் நகரின் பிர்தோஸ் சதுக்கத்திலே சதாம் உசேனின் சிலை நிற்கிறது. கழுத்திலே சங்கிலி. இழுக்கிறது வண்டி, சாய்கிறது சிலை, ஆரவாரிக்கிறது கூட்டம்! பெஞ்சியில் இருந்தோர் கைதட்டினர்; நானும் தட்டினேன். "ஆச்சு, சண்டை முடிஞ்சுது" என்றார் கடைக்காரர். நம்பினேன்.

போர் முடிந்ததா? அமெரிக்கப் படை அந்த மண்ணை விட்டுக் கிளம்பியது 2011 டிசம்பரில்! நாங்கள் கைதட்டிய இரவுக்கும் அந்த நாளுக்கும் இடையே எட்டு ஆண்டுகள்; எண்ணி முடியாத பிணங்கள்!

வளர்ந்த பின்னர் அறிந்தேன், அந்தக் காட்சியின் மறுபக்கத்தை. சிலையை வீழ்த்தியது அமெரிக்க மரைன் படையின் மீட்பு வண்டி. திரையிலே கடலெனத் தெரிந்த கூட்டம், தொலைவிலிருந்து எடுத்த படங்களிலே சதுக்கத்தின் ஒரு மூலை. அந்தச் சதுக்கத்தை ஏன் உலகம் கண்டது? எதிரே இருந்தது பாலஸ்தீன் விடுதி. உலகத்து நிருபர்கள் தங்கியிருந்த இடம் அது. முதல் நாள், ஏப்ரல் 8 அன்று, அதே விடுதியின் மீது அமெரிக்க டாங்கி சுட்டது; ராய்ட்டர் நிறுவனத்துக் காமிராக்காரர் ஒருவரும், ஸ்பெயின் நாட்டுத் தொலைக்காட்சியின் காமிராக்காரர் ஒருவரும் மாண்டனர். எங்கள் தேநீர்க் கடையில் அவர்களுக்காக யாரும் தலைகுனியவில்லை, சிலைக்குத்தான் கைதட்டினோம்.

சிலை வீழ்ந்தது பொய்யா? இல்லை, தோழா! கொடுங்கோலன் சதாம் நல்லவனா? அதுவும் இல்லை! படம் மெய்தான். படத்தைச் சுற்றியிருந்த சட்டம்தான் பொய்! எதை உள்ளே வைப்பது, எதை வெளியே தள்ளுவது என்று எவனோ ஒருவன் அடித்த அந்த நான்கு சட்டங்களுக்குள்ளே என் பதின்மூன்று வயது மனம் அடைபட்டுக் கிடந்தது.

நான் நாடகம் எழுதுபவன். கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் எனினும், இந்த ஒரு கலையிலே திரை எங்கே விழ வேண்டும் என்பதை அறிந்தவன். வீரன் வாளை உயர்த்தும்போது திரை விழுந்தால் வீரகாவியம். வெட்டுண்டவனின் வீட்டு வாசலில் அவன் தாய் வந்து நிற்கும்போது திரை விழுந்தால் அதன் பெயர் வேறு! கதை ஒன்றுதான், திரை விழும் இடம்தான் வேறு. இந்த வித்தையை வல்லரசுகள் கற்றுக்கொண்டு நூறாண்டுகளுக்கு மேலாகிறது.

1916-ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டிலே சோம் நதிப் போர். ஜூலை முதல் நாள் ஒன்றில் மட்டும் பிரிட்டிஷ் படையில் வீழ்ந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் 57,470 பேர். அவருள் மாண்டோர் 19,240 பேர். அடுத்த மாதமே அந்தப் போரைப் பற்றிய படம் லண்டன் திரையரங்குகளுக்கு வந்துவிட்டது. ஆறே வாரத்தில் சுமார் 2 கோடி நுழைவுச் சீட்டுகள் விற்றன என்கிறது வரலாறு. பிணங்களும் காயங்களும் உண்மையாகவே அதில் இருந்தன. அதை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் மக்கள் மூச்சடக்கிப் பார்த்த காட்சி எது? பதுங்கு குழியிலிருந்து வீரர்கள் மேலேறிப் பாய்வது! அது களத்துக்குப் பின்னாலே, பயிற்சி இடத்திலே நடித்துக் காட்டி எடுக்கப்பட்டது என்பது ஆய்ந்தோர் முடிவு. மெய்ம்மாலைக்கு நடுவே ஒரு பொய்மலர். ஆனால் அந்த மலருக்குத்தான் மணம் அதிகம்!

இனி 1968-க்கு வா, தோழா. ஒரே ஆண்டு, ஒரே போர், இரண்டு படங்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவனுக்கு வேறு பாடம் தேவையில்லை.

முதலாவது வெள்ளித்திரை. வியட்நாம் போரை வாழ்த்திப் படமெடுக்க விரும்பினார் ஜான் வெய்ன் என்ற புகழ்பெற்ற நடிகர். யாருக்கு எழுதினார் கடிதம்? குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கே! பிறகென்ன குறை? ஜார்ஜியா மாநிலத்துப் படைமுகாம் படப்பிடிப்புத் தளமாயிற்று, ஹெலிகாப்டர்கள் வந்தன, ஆயுதங்கள் வந்தன, சிப்பாய்கள் வந்தனர். படை அனுப்பிய செலவுச்சீட்டு எவ்வளவு தெரியுமா? சுமார் 18,600 டாலர்! அமெரிக்க மக்கள் மன்றத்திலேயே ஓர் உறுப்பினர் எழுந்து, இது வரிப்பணத்தில் நடந்த விளம்பரம் அன்றோ என்று குமுறினார்.

படம் வெளிவந்தது: 'தி கிரீன் பெரே'. அதன் இறுதிக் காட்சியை எண்ணி எண்ணி நான் சிரித்ததுண்டு. வியட்நாம் கடற்கரையிலே, அனாதைச் சிறுவனின் கையைப் பிடித்து நடக்கிறார் நாயகர். கடலுக்குள்ளே சூரியன் மறைகிறது. தோழா! வியட்நாமின் அந்தக் கடல் கிழக்கே இருக்கிறது! நம் கடற்கரையைப் போலவே அங்கும் கதிரவன் கடலிலிருந்து எழுவான், கடலில் விழமாட்டான். ஹெலிகாப்டர் கிடைத்தது, துப்பாக்கி கிடைத்தது, குடியரசுத் தலைவரின் வாழ்த்தும் கிடைத்தது. கிழக்கு எது என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை!

இரண்டாவது, மை லாய் எனும் சிற்றூர். 1968 மார்ச் 16. அமெரிக்கப் படையினர் புகுந்து கிழவர், பெண்டிர், குழந்தைகள் என்று பாராமல் சுட்டுக் கொன்றனர். படையின் விசாரணைக் கணக்குப்படி 347 பேர்; ஊரிலே வியட்நாம் எழுப்பிய நினைவிடத்தின் கணக்குப்படி 504 பேர். அன்று வெளியான செய்தி என்ன? எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டனர், வெற்றி என்று!

அந்தப் படையினரோடு ஒரு புகைப்படக்காரரும் சென்றிருந்தார். அவர் கழுத்திலே காமிராக்கள் தொங்கின. ஒன்று அரசாங்கம் தந்தது, கறுப்பு வெள்ளை. மற்றொன்று அவர் சொந்தக் காசிலே வாங்கியது, வண்ணம். அரசாங்கக் காமிராவிலே வழக்கமான படை நடவடிக்கை பதிந்தது. அது மேலிடத்துக்குப் போயிற்று. சொந்தக் காமிராவிலே பாதையெங்கும் கிடந்த பிணங்கள் பதிந்தன. அவை அவரிடமே இருந்தன. 1969 நவம்பரில் அவை ஏடுகளில் வெளிவந்தபோது, தம் பிள்ளைகள் எதற்காக அனுப்பப்பட்டார்கள் என்று அமெரிக்கத் தாய்மார்கள் மேலும் உரக்கக் கேட்டனர்.

எண்ணிப் பார்! ஒரே மனிதன், ஒரே கண், ஒரே காலைப்பொழுது. கருவி யாருடையது என்பது மாறியது; காட்சியே மாறிவிட்டது!

படைத்துறையின் கருவியை இரவல் வாங்குகிறவன் அதன் கண்ணையும் சேர்த்து வாங்குகிறான். இன்றும் ஹாலிவுட்டிலே விமானமும் கப்பலும் வேண்டுவோர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் கதையை முன்னதாகக் காட்டவேண்டும்; திருத்தச் சொன்னால் திருத்தவேண்டும். 1986-இல் 'டாப் கன்' வந்தபோது சில நகரங்களில் திரையரங்க வாயிலிலேயே கடற்படை ஆள்சேர்ப்பு மேசை போட்டது. படம் பார்த்துச் சிலிர்த்த இளைஞன், சிலிர்ப்பு அடங்குமுன் கையொப்பமிடலாம்! மறுத்தால்? 'அபோகலிப்ஸ் நௌ' எடுத்த கொப்போலாவுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. அவர் பிலிப்பைன்ஸ் சென்று மார்க்கோஸ் அரசின் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுத்தார். படப்பிடிப்பின் நடுவிலே அவை திடீர் திடீரெனப் பறந்து போகும். எங்கே? அந்நாட்டுக் கிளர்ச்சிக்காரர்களை மெய்யாகவே சுட! காலையில் போரைக் கண்டிக்கும் படத்தில் நடிப்பு, மாலையில் போர். எந்த நாடகாசிரியனுக்கும் இத்தகைய கற்பனை வராது.

வியட்நாமிலே தோற்றது எதனால் என்று ஆளவந்தார் ஆராய்ந்தனர். 'காமிராக்காரனைக் கட்டவிழ்த்து விட்டதால்' என்று அவர்களில் பலர் முடிவு கட்டினர். 1983-இல் கிரனடாத் தீவிலே இறங்கியபோது முதல் இரு நாட்கள் நிருபர் எவரையும் அண்டவிடவில்லை. 1991-இல் ஈராக்கின் மீது பாய்ந்தபோது இன்னும் கெட்டிக்காரத்தனம்! நிருபர்களைக் குழு குழுவாகப் பிரித்து, காவலோடு கூட்டிச் சென்று, காட்டியதைக் காணவைத்தனர். காட்டியது எதை? குண்டின் மூக்கிலே பொருத்திய காமிராவின் படத்தை! கட்டடம் நெருங்கி வருகிறது, பெரிதாகிறது, அதன்பின் திரை வெளுத்துப் போகிறது. என்ன துல்லியம் என்று வியந்தது உலகம்.

போர் ஓய்ந்தபின் அமெரிக்க விமானப்படையே கணக்குச் சொன்னது: கொட்டிய 88,500 டன் குண்டுகளில், குறிபார்த்துச் செல்லும் குண்டுகள் நூற்றுக்கு ஏழு பங்கு அளவே! மீதி தொண்ணூற்று மூன்று பங்குக்குத் திரை இல்லை, படம் இல்லை. குறி தவறாத குண்டு மட்டும் கொல்லாதா? 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரியா காப்பகத்தைத் தாக்கியவை குறிபார்த்துச் சென்ற குண்டுகள்தாம். உள்ளே உறங்கியவர்கள் குடிமக்கள்; கருகி மாண்டோர் 400-க்கு மேல்.

குண்டின் கண், தோழா, கட்டடத்தைத் தொட்ட நொடியிலே குருடாகிறது. மக்களின் கதை அந்த நொடியிலேதான் தொடங்குகிறது.

குண்டு விழுமுன்னே கண்ணீரும் விழவேண்டுமல்லவா? 1990 அக்டோபரிலே வாஷிங்டன் மன்றமொன்றிலே பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அழுதாள். குவைத் மருத்துவமனையிலே ஈராக்கியச் சிப்பாய்கள் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையிலே போட்டதைக் கண்ணால் கண்டேன் என்றாள். உலகமே கலங்கியது. போருக்குப் பின்னர், 1992 சனவரியில் வெளிவந்தது உண்மை: அவள் அமெரிக்காவிலிருந்த குவைத் தூதரின் மகள்! அந்தப் பிரச்சாரத்தை நடத்தியது ஒரு விளம்பர நிறுவனம்! கதைக்குச் சான்றும் கிட்டவில்லை. நானும் மேடைக்காக அழுகை எழுதியவன். ஆனால் என் அழுகைக்குச் சீட்டு வாங்கியவர் நாடகமென்று அறிந்தே வாங்கினர்.

காமிராவைத் திருப்புவது ஒரு வழி. காமிராவே இல்லாமற் செய்வது இன்னொரு வழி. அதை நம் இனம் அறியும். 2009-இல் வன்னியிலே, முள்ளிவாய்க்காலிலே, சுதந்தரமான செய்தியாளர் எவரையும் இலங்கை அரசு விடவில்லை. இறுதி மாதங்களில் மாண்ட குடிமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று 2011-இல் ஐ.நா. வல்லுநர் குழு சொல்லிற்று. மாண்டவர் கைப்பேசியிலும், கொன்ற சிப்பாய்கள் வெற்றிச் சின்னமாக எடுத்துவைத்த கைப்பேசிப் படங்களிலும்தான் அந்தக் கொடுமை பதிந்து கிடந்தது. பிரிட்டனின் சேனல் 4 அதை ஒளிபரப்பியது அதே 2011-இல். எல்லாம் முடிந்த பின்னர்! காசாவிலும் அதே கதை. 2023 அக்டோபரிலே போர் மூண்டபின் வெளிநாட்டு நிருபர் தாமாக உள்ளே செல்ல இஸ்ரேல் வழிவிடவில்லை. உள்ளூர் நிருபர்களே உலகின் கண்ணாயினர், மடிந்தும் போயினர். பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 1992 முதல் எடுத்துவரும் கணக்கிலே, வேறெந்தப் போரிலும் இத்தனை செய்தியாளர் மாண்டதில்லை.

அடுத்தவன் வீட்டுக் குற்றத்தை மட்டும் பேசிவிட்டு எழுந்து போகலாமா? 2025 மே திங்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய நான்கு நாட்களை நினைத்துப் பார். கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டது என்று நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் சில இரவெல்லாம் முழங்கின. தாக்கப்படவில்லை! முழக்கத்தோடு வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கும் ஊதினர், பின்னணி ஓசையாக! நாடகக்காரன் எனக்குத் தெரியும், அந்த ஓசையின் பயன் என்னவென்று. ஒன்றிய அரசே தலையிட்டு, அந்தச் சங்கொலியை நிகழ்ச்சிகளில் பயன்படுத்தாதீர் என்று சொல்ல நேர்ந்தது. ஏன்? கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால், மெய்யான சங்கு ஊதும் நாளில் மக்கள் எழுந்து ஓடமாட்டார்கள்! அந்த நாட்களில் எல்லையோரப் பூஞ்சிலே பீரங்கிக் குண்டு விழுந்து நம் குடிமக்கள் மாண்டுகொண்டிருந்தனர். அங்கே சங்கொலி, உயிர் காக்கும் ஓசை. அரங்கிலே அது வேடிக்கை!

"படையின் இரகசியத்தைக் காக்க வேண்டாமா?" என்று கேட்பாய். காக்கத்தான் வேண்டும். கப்பல் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாதிருப்பது காவல். கப்பல் போகாத ஊரைப் போய் எரித்ததாகச் சொல்வது கயமை. எல்லையில் நிற்கும் வீரன் நம் வீட்டுப் பிள்ளை. அவனை மதிப்பதற்குப் பொய் தேவையில்லை. பொய்க்குத்தான் அவன் தேவைப்படுகிறான், ஒளிந்துகொள்ள!

கலையையே வெறுக்கச் சொல்கிறேன் என்றும் எண்ணாதே. 1930 டிசம்பரில் பெர்லின் திரையரங்கிலே, போரின் கொடுமையைச் சொன்ன 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் பிரண்ட்' படம் ஓடியபோது கோயபல்சின் ஆட்கள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டனர். நாற்றக் குண்டுகளை வீசினர். அந்த மாதத்திலேயே படம் தடை செய்யப்பட்டது. மெய்யான ஒரு படத்துக்கு எத்தனை வலிமை இருந்தால், எலியைத் துணைக்கு அழைத்திருப்பார்கள்!

ஆகவே, தோழா, உன் கைப்பேசிக்குப் போர்க்காட்சி ஒன்று வரும். வரத்தான் செய்யும். விளையாட்டுக்கென வரைந்த கணினிக் காட்சியைக்கூடப் போர்க்களமென்று அனுப்புகிற காலம் இது. அனுப்பும் பொத்தானில் விரல் வைக்குமுன் ஒரு நொடி நில். இந்தக் காமிரா எங்கே நிற்கிறது? குண்டின் மூக்கிலா, கூரையின் கீழேயா? யாருடைய வண்டியிலே வந்தது? படம் முடிந்தபின் அந்த இடத்திலே என்ன நடந்தது? விடை தெரியாவிட்டால் அனுப்பாதே. மேடையிலே அதைப் பேசவும் செய்யாதே. நமக்குப் பிடித்த செய்தியாயிருந்தால் இருமுறை நில்! பகைவனின் பொய்யைவிட நமக்கு இனிக்கும் பொய்யே விரைவாகப் பரவும்.

எங்கள் ஊர்த் தேநீர்க் கடை இன்னும் இருக்கிறது. பெட்டி போய்த் தட்டைத்திரை வந்திருக்கிறது. பெஞ்சியிலே வேறொரு பதின்மூன்று வயதுச் சிறுவன் உட்கார்ந்திருப்பான். திரையிலே சிலையோ, கட்டடமோ, ஊரோ விழும். அவன் கை எழும். அப்போது அவன் அருகே நீ இருக்க வேண்டும். கைதட்டாதே என்று அதட்டவேண்டாம்.

"தம்பி, அந்தக் கடல் எந்தத் திசையிலே இருக்கிறது?" என்று கேள். அது போதும்.