குவாண்டம் என்னும் மந்திரச்சொல்

தமிழ்ச் சிற்றிதழ்க் கட்டுரைகளில் 'குவாண்டம்' என்ற சொல் ஏறக்குறைய மந்திரமாகிவிட்டது. விளங்காத எதையும் அதன்மேல் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, 'நம் முன்னோர் இதை அன்றே அறிந்திருந்தனர்' என்ற பெருமிதமும் சேர்ந்துகொள்கிறது. இவ்விரண்டும் அறிவியலுக்கும் இழுக்கு, இலக்கியத்துக்கும் இழுக்கு என்றே கருதுகிறோம்.

கோவளத்தை எடுத்துக்கொள்வோம். முட்டுக்காட்டு உப்பங்கழி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் குளிர்காலந்தோறும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வடக்கிலிருந்து வந்திறங்குகின்றன. வலசைப் பறவைக்குத் திசை காட்டுவது எது? சூரியனும் விண்மீன்களும் மட்டுமல்ல, புவியின் காந்தப்புலமும் துணைநிற்கிறது என்பதை ஐரோப்பிய ராபின் பறவையைக் கொண்டு 1960களில் ஜெர்மனியில் வொல்ஃப்காங் வில்ட்ச்கோ காட்டினார். ஆனால் ஓர் எலக்ட்ரான்மீது அப்புலம் செலுத்தும் ஆற்றல், சுற்றியுள்ள மூலக்கூறுகளின் வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கே. சந்தை இரைச்சலில் முணுமுணுப்புக் கேட்பது எங்ஙனம்?

1978இல் கிளாஸ் ஷுல்டனும் சக ஆய்வாளர்களும் ஒரு விடை முன்வைத்தனர். 2000இல் தோர்ஸ்டன் ரிட்ஸ், ஷுல்டன் குழுவினர் அதை விழித்திரையின் கிரிப்டோகுரோம் என்ற புரதத்தோடு பொருத்திக் காட்டினர். நீல ஒளி பட்டதும் அப்புரதத்தில் ஓர் எலக்ட்ரான் இடம் தாவ, துணையற்ற இரு எலக்ட்ரான்கள் எஞ்சுகின்றன. எலக்ட்ரானைச் சிறு காந்தமாக்கும் பண்பே ஸ்பின்; 'தற்சுழற்சி' என்று பெயர்த்துப் பம்பரத்தை நினைக்க வேண்டியதில்லை. அவ்விணையின் ஸ்பின்கள் எதிரெதிராகவும் ஒத்தும் மாறி மாறி அமைகின்றன. அம்மாற்றத்தின் போக்கைப் புவிக்காந்தத்தின் திசை சற்றே திருத்துகிறது. வேதிவினையின் விளைபொருள் அளவும் அதற்கேற்ப மாறுகிறது. வெப்பம் இவ்விணையைச் சமநிலைக்கு இழுக்குமுன் வினை முடிந்துவிடுவதால், இரைச்சல் அதனை விழுங்குவதில்லை. ராபினின் கிரிப்டோகுரோம் 4 காந்தப்புலத்தை உணர்வது 2021இல் ஆய்வுக்கூடத்தில் உறுதியாயிற்று. உயிருள்ள பறவையின் கண்ணில் இது நிகழ்வது இன்னும் நிறுவப்படவில்லை.

தென்குமரியிலிருந்து வடக்கே திரும்பும் நாரையிடம் சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூது சொல்லியனுப்பினார். அவர் கண்டது வலசையை, ஸ்பின்னை அன்று. உற்றுநோக்கிய கண் என்ற பெருமை அவருக்குப் போதும். இல்லாத இயற்பியலைக் கவிதைக்குள் திணித்தால், அவர் உண்மையில் கண்டது நம் பார்வையிலிருந்து மறைந்துபோகும்.

எனவே இதழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்து வரும் கட்டுரையில் 'குவாண்டம்' என்ற சொல் தென்பட்டால், எந்த மூலக்கூறு, எந்த எலக்ட்ரான், எந்தச் சோதனை என்று எழுதியவரைக் கேளுங்கள். விடை வராவிடில் அச்சொல்லை நீக்கிவிடுங்கள்.