கடற்கரைக்கு அப்பாலும் ஓர் அந்தமான்

குளிர்காலம் தொடங்கிவிட்டால், எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் சிலரேனும் அந்தமான் பயணத்தைப் பற்றிப் பேசாமல் போவதில்லை. அட்டை அங்கே செல்லுமா, எவ்வளவு ரொக்கம் கொண்டு போகலாம், பயணத்துக்குக் கடன் கிடைக்குமா என்பவை வழக்கமான கேள்விகள். நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்கெங்கே போகிறீர்கள்?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். ஐந்து இரவு; போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல். இடையில் ஒரு நாள், விடியுமுன் புறப்பட்டு மாலையில் திரும்பும் பாராடாங் சுற்றுலா.

அத்திட்டத்தில் முதல் பகுதியோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கடற்கரைகளின் அழகு உண்மையானது. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை, சேமித்த பணத்தில், கடல் கடந்து போகிற குடும்பம் மூன்று கடற்கரைகளைப் பார்த்துவிட்டு "அந்தமான் பார்த்தாயிற்று" என்று திரும்புவது, ஒரு நூலின் அட்டையைப் பார்த்துவிட்டு மூடி வைப்பதற்கு ஒப்பாகும். அந்த ஒரு நாள் பாராடாங் சுற்றுலாவைப் பற்றியோ, எனக்கு இன்னும் அழுத்தமான கருத்து உண்டு. இரண்டையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நிலத்தைப் பற்றி. அந்தமான் நிக்கோபாரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகள் இருப்பினும், மக்கள் வாழ்பவை நாற்பதுக்கும் குறைவே. தெற்கு அந்தமான், பாராடாங், நடு அந்தமான், வட அந்தமான் ஆகியவை குறுகிய நீரிணைகளால் பிரிந்து, வரிசையாக நிற்கின்றன. தெற்கே போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிபூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கும் மேலாக ஒரு நெடுஞ்சாலை செல்கிறது. வழியில் ரங்கத், மாயாபந்தர் என்ற ஊர்கள் உள்ளன. வழி நெடுகப் பசுமைமாறாக் காடு, அலையாத்தி மரங்கள் அடர்ந்த கழிகள், இடையிடையே வயல்களும் பாக்குத் தோட்டங்களும். நாம் படங்களில் காணாத அந்தமான் இதுவே.

இந்த ஊர்களின் மக்களைப் பற்றி அறிந்தால் பயணத்தின் பொருளே மாறிவிடும். நாடு பிரிவினை அடைந்தபின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் காடு திருத்திக் குடியேறிய பகுதிகள் இவை. மாயாபந்தருக்கு அருகில் வெபி என்னும் சிற்றூரில் வாழும் கரேன் இனத்தவர், 1925இல் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்து இத்தீவுகளில் அதிகமானோர் தாய்மொழியாகக் கொண்டது தமிழ். ரங்கத் கடைத்தெருவில் வழி கேட்கும்போது தமிழிலேயே பதில் வந்தால் வியக்க வேண்டியதில்லை.

வட கோடியில் திக்லிபூர். அதனருகே உள்ள சேடில் பீக், 732 மீட்டர் உயரத்துடன் இத்தீவுக்கூட்டத்தின் மிக உயர்ந்த சிகரம். ஏறி இறங்க ஒரு முழுப் பகல் வேண்டும். காலிபூர் கரையில் குளிர்மாத இரவுகளில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. கடற்கரையே வேண்டும் என்போருக்கு, கடல் இறங்கும் நேரத்தில் மணல் திட்டால் இணையும் ராஸ், ஸ்மித் என்னும் இரட்டைத் தீவுகளும் அங்கே உண்டு.

இனி, பாராடாங் சுற்றுலா. நான் முதல்முறை சென்றபோது அதைத்தான் செய்தேன் என்பதை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும்.

பாராடாங்கில் பார்க்க வேண்டியவை இல்லாமல் இல்லை. அலையாத்திக் காட்டின் ஊடே படகில் சென்று அடையும் சுண்ணாம்புக் குகைகளும், சேறு கொப்பளிக்கும் சேற்று எரிமலைகளும் அங்கே உள்ளன. ஆனால் சாலை வழியாக அங்கே போக வேண்டுமாயின், ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கும் மிடில் ஸ்டிரெய்ட் படகுத்துறைக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் பயணம் செய்ய வேண்டும். குறித்த நேரங்களில் மட்டும் வாகனங்கள் காவலுடன் அணியாக அனுப்பப்படுகின்றன. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது.

அன்று இருட்டிலேயே வரிசையில் நின்ற எங்கள் வேனில் குகையைப் பற்றிப் பேசியவர் எவருமில்லை. "கண்ணில் படுவார்களா?" என்பதே எல்லோருடைய பேச்சும். அணி நகரத் தொடங்கியதும் அனைவரும் சன்னல் பக்கம் சாய்ந்தோம், நானும் சாய்ந்தேன். ஒரு வளைவில், சாலையோரமாக ஒரு பெண்ணும் இரு சிறுவர்களும் நின்றிருந்தனர். எங்கள் வேன் கடந்த அந்தச் சில நொடிகளில் அப்பெண் எங்களைப் பார்க்கவில்லை. சிறுவர்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். வேனுக்குள் ஒருவர் கைதட்டினார். குகையைப் பார்த்தோம், திரும்பினோம், அதே சாலையில் மீண்டும் ஒருமுறை சன்னல் பக்கம் சாய்ந்தோம். அன்றைய நாளில் எனக்கு இன்றுவரை மறக்காமல் இருப்பது குகையன்று, அந்தக் கைதட்டல்தான்.

ஜாரவா மக்கள் சில நூறு பேரே. வெளியுலகத்தோடு அவர்கள் பகையின்றிப் பழகத் தொடங்கியதே 1990களின் பிற்பகுதியில்தான். அதன்பின் 1999இலும் 2006இலும் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சில நாள் காய்ச்சலாகக் கடந்து போகும் நோய், அதனை எதிர்கொண்டு பழகாத ஒரு சிறு சமூகத்துக்குப் பேரழிவாக முடியலாம். 1956ஆம் ஆண்டின் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டதற்கு இத்தகைய அச்சங்களும், அதே ஆண்டில் நாட்டைத் தலைகுனிய வைத்த ஒரு காணொளியும் காரணங்களாயின. உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன காட்சி அது.

இந்தச் சாலையின் சில பகுதிகளை மூட வேண்டும் என 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2013இல் சில வாரங்கள் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடையும் இருந்தது. ஆயினும் சாலை இயங்கி வருகிறது. வடக்கே வாழும் குடியேறிகளின் பக்கத்தையும் நாம் கேட்க வேண்டும். மருத்துவத்துக்கும் கல்விக்கும் சந்தைக்கும் அவர்கள் போர்ட் பிளேர் வந்தாக வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகை மட்டுமே நம்பி வாழ இயலாது. ஆகவே சாலையை மூடுக என்று ஊரிலிருந்து உரக்கச் சொல்வது எளிது. திக்லிபூரில் நோயாளியை வைத்துக்கொண்டு சொல்வது எளிதன்று. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் நீதிமன்றமும் நிர்வாகமும்.

ஆனால் நம் கையில் இருக்கும் ஒரு முடிவு உண்டு. பயண அட்டவணையை எழுதுபவர்கள் நாம்தாம். ஒரு நாள் சுற்றுலாவாகப் பாராடாங் செல்பவர், சில மணி நேரப் பொழுதுபோக்குக்காகக் காப்புக்காட்டை இரண்டு முறை கடக்கிறார். அவர் செலவிடும் பணமும் பெரும்பாலும் வாகனத்துக்கே போகிறது. மாறாக, கடல் வழியாக வடக்கே போய், நான்கு நாள் தங்கித் திரும்புபவர் காப்புக்காட்டை ஒருமுறைகூடக் கடக்க வேண்டியதில்லை. அவர் பணம் ரங்கத்தின் தங்கும் விடுதிக்கும், மாயாபந்தரின் சாப்பாட்டுக் கடைக்கும், திக்லிபூரின் படகோட்டிக்கும் சேர்கிறது. இதனால்தான் ஒரு நாள் சுற்றுலாவைக் கைவிட்டு, அந்த நாளோடு மேலும் மூன்று நாள் சேர்த்து, வடக்கே போங்கள் என்கிறேன்.

அதற்கான வழி கடினமானதன்று. அரசின் கப்பல் போக்குவரத்துத் துறைப் படகுகள் ஹேவ்லாக் பக்கமிருந்து லாங் ஐலண்ட் வழியாக ரங்கத்துக்கும், போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர்ப் பக்கத்துக்கும் செல்கின்றன. தினமும் இருக்கும் என எண்ணிவிடக் கூடாது. நாள்கள் மாறும், வானிலை மோசமானால் பயணம் ரத்தாகும். ஆகவே முதலில் படகு நாள்களை உறுதி செய்துகொண்டு, அதைச் சுற்றித் தங்குமிடங்களை அமைப்பதே முறை. நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். ரங்கத்திலிருந்து மாயாபந்தருக்கும், அங்கிருந்து திக்லிபூருக்கும் பேருந்துகள் உண்டு. பாராடாங் குகைகளையும் காண வேண்டுமாயின், ரங்கத்தில் தங்கி வடக்கிலிருந்தே அங்கு வரலாம்; ஹம்ப்ரி நீரிணைப் பாலம் நடு அந்தமானையும் பாராடாங்கையும் இணைக்கிறது. இப்படிச் சென்றால் தெற்கே உள்ள ஜிர்காடாங் பகுதியைக் கடக்க நேராது.

தவிர்க்க முடியாமல் அச்சாலையில் போக நேர்ந்தால், மற்றப் பயணிகளைப் போல ஊர் போய்ச் சேருவதற்காகப் போங்கள். கைப்பேசியைப் பையில் வையுங்கள்; குழந்தைகளுக்கு முன்கூட்டியே காரணத்தைச் சொல்லுங்கள். ஓட்டுநரிடம் "காட்ட முடியுமா?" என்று கேட்காதீர்கள். கேட்பவர் இருக்கும் வரை காட்ட முனைபவரும் இருப்பார்.

இனி என் தொழிலுக்குரிய சில சொற்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் ஏற்றவை. மே மாதப் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். நம் கடிகாரமே அங்கும் என்றாலும், கிழக்கே வெகுதொலைவில் இருப்பதால் குளிர்காலத்தில் மாலை ஐந்தரை மணிக்குள் இருட்டிவிடும். எனவே பகற்பொழுதைக் காலையில் தொடங்கியே கணக்கிட வேண்டும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளைப் போர்ட் பிளேரில் வெறுமையாக விடுங்கள். படகு ரத்தானால் அந்நாள் உங்களைக் காக்கும். ஆகாவிட்டால் செல்லுலர் சிறையையும், மானுடவியல் அருங்காட்சியகத்தையும், 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையையும் நிதானமாகக் காணலாம். பயணச்சீட்டுகளில் புதிய பெயர்கள் இருந்தால் குழம்ப வேண்டாம்: ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷஹீத் தீவாகவும் 2018இல் பெயர் மாறின, போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்.

2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழைத் தடம் வந்தபின் இணைய வசதி பெரிதும் மேம்பட்டிருக்கிறது. ஆயினும் வடக்கே சிற்றூர்களில் தொடர்பு அறுந்தால், கைப்பேசிச் செலுத்துகையும் அட்டையும் பயன்படா. நான்கு நாள் தங்குவதற்கும் உண்பதற்குமான ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்து, இருவர் பையில் பிரித்து வையுங்கள்.

கடனைப் பற்றி. கடன் கொடுப்பது எங்கள் தொழில்; அதனைக் குறை கூறேன். ஆனால் ஓராண்டு முன்னரே திட்டமிட முடிகிற பயணத்துக்குக் கடன் தேவையில்லை என்பது என் கருத்து. மாதம் 5,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் செலுத்தினால், ஆண்டு முடிவில் 60,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையில் இருக்கும். அந்தப் பன்னிரண்டு மாதங்களும் வெறும் சேமிப்புக் காலமல்ல. படிக்கவும், படகு நாள்களை விசாரிக்கவும், எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் விட வேண்டும் என்று குடும்பத்தோடு அமர்ந்து பேசவும் கிடைக்கும் காலம். அவசரத்தில் வாங்கும் சுற்றுலாத் தொகுப்பில் இந்தப் பேச்சுக்கு இடமிருப்பதில்லை. என் முதல் பயணத்தில் நான் தவறவிட்டது அதைத்தான்.

இரண்டாம் முறை நாங்கள் படகில் வடக்கே சென்றோம். திக்லிபூரில் ஒரு முதிய வங்காள விவசாயி, தம் தந்தையார் காடு வெட்டிய கதையைச் சொல்லி, தோட்டத்து இளநீரை வெட்டிக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்தார். அடுத்த முறை எங்கள் கிளையில் யாரேனும் அந்தமானைப் பற்றிக் கேட்டால், ரொக்கக் கணக்கைச் சொல்லுமுன் அந்த ஊருக்குப் போகும் படகைப் பற்றித்தான் சொல்வேன்.