அக்கா கேட்ட கேள்வி

என் அக்கா சிதம்பரத்தில் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். வீட்டுவரி ரசீதுகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் வருடவாரியாக அடுக்கி வைத்திருப்பார். போன மாதம் நான் போயிருந்தபோது பையை எடுத்து என் முன்னே வைத்தார்.

"தம்பி, நீ கவர்மெண்ட்டுல கணக்கு எழுதினவன்தானே. என் ஓட்டு வீட்டுக்கு நான் இவ்வளவு கட்டுறேன். ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய யூனிவர்சிட்டி இருக்கே, அது எவ்வளவு கட்டுது?"

"படிப்புக்கான கட்டடத்துக்கு வரி கிடையாது அக்கா. சட்டமே விலக்கு கொடுத்திருக்கு."

"அப்போ அதுக்கும் சேர்த்து நான்தான் கட்டுறேனா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. திரும்பிக் குறிஞ்சிப்பாடி வந்து சேரும் வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. 1920இல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி 1929இல் பல்கலைக்கழகமாக வளர்ந்த அந்த நிறுவனம் இல்லையென்றால், நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். சிதம்பரத்தின் மெஸ்ஸும், வாடகை அறையும், ஜெராக்ஸ் கடையும் அதை நம்பித்தான் பிழைக்கின்றன.

ஆனால் கடைக்காரருக்கு வரும் லாபம் வேறு, நகராட்சிக்கு வரும் வரி வேறு. கல்விக் கட்டடங்களுக்குச் சொத்துவரி வேண்டாம் என்பது 1920ஆம் வருட மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. பல்கலைக்கழகம் இருப்பது அண்ணாமலை நகர் பேரூராட்சியில். மாணவர்கள் வந்து இறங்குவதோ சிதம்பரம் பேருந்து நிலையத்தில். ஆக, வருமானத்தை இழப்பது ஓர் ஊர், கூட்டத்தையும் குப்பையையும் சுமப்பது இரண்டு ஊர். விழும் துண்டை யார் சரிக்கட்டுவது? 2022 ஏப்ரலில் தமிழகம் முழுக்கச் சொத்துவரி உயர்ந்தபோது, நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கே 25 விழுக்காடு ஏறியது. அக்கா வீடு அதைவிடக் கொஞ்சம் பெரியது என்பதால் 50 விழுக்காடு.

"மாநில நிதிக்குழுப் பங்கு வருகிறதே" என்பார்கள். வருகிறது. ஆனால் அதைப் பெரும்பாலும் மக்கள்தொகையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். நம் ஊரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் மாணவனும், அங்குள்ள மருத்துவமனைக்குப் போகும் நோயாளியும் குறிஞ்சிப்பாடிக் கணக்கில்தான் இருக்கிறார்கள். தலை எண்ணிக்கைப் பணம் நமக்கு, தெரு பெருக்கும் செலவு அவர்களுக்கு. நமக்கு லாபம்தான். இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

அதற்காகப் பல்கலைக்கழகத்தின் கழுத்தைப் பிடிக்கவும் முடியாது. நிதி நெருக்கடி முற்றி 2013இல் அரசே அதை ஏற்றுக்கொண்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும். உபரி ஊழியர்களை மாநிலம் முழுக்க வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். சம்பளத்துக்கே அரசை எதிர்பார்க்கும் இடத்தில் போய் வரி கேட்டு என்ன பயன்?

என் கட்சி இதுதான்: விலக்கு கொடுத்தவர் எவரோ, அவரே அதன் செலவையும் ஏற்க வேண்டும். மத்திய அரசுக் கட்டடங்களுக்கு இந்த வழி ஏற்கெனவே இருக்கிறது. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கு 2009இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, வரி இல்லாவிட்டாலும் சேவைக் கட்டணம் உண்டு என்று ஏற்பாடானது. ஊராட்சி அமைப்பின் வசதிகளை முழுதாகப் பயன்படுத்தினால் வரியில் 75 விழுக்காடு, பாதி பயன்படுத்தினால் 50, எதையும் பயன்படுத்தாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம், வரி விலக்குப் பெற்ற கல்லூரிகளும் மருத்துவமனைகளும் உள்ள ஊர்களுக்கு இழப்பில் ஒரு பகுதியைத் தன் கஜானாவிலிருந்தே கொடுக்கிறது. நம் மாநில அரசும் பல்கலைக்கழகம் உள்ள ஊர்களுக்கு இப்படி ஒரு தலைப்பில் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கலாம். கூட்டத்தைச் சுமக்கும் பக்கத்து ஊருக்கும் அதில் பங்கு வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் வரிக்கு 'கோந்த்ரிபுசியோன்' என்றும் ஒரு சொல் உண்டு. பங்கு செலுத்துவது என்று பொருள். ஒரு வீட்டுக்குச் செலவென்றால் எல்லோரும் பங்கு போட வேண்டும். வீட்டின் பெரியவர், "என் பிள்ளை படிக்கிறான், அவனிடம் கேட்காதே" என்று சொல்வது சரிதான். ஆனால் பிள்ளையின் பங்கைப் பெரியவர் தன் மடியிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அதைப் போய் அக்காவின் மஞ்சள் பையிலிருந்து எடுக்கக் கூடாது.

அடுத்த முறை போகும்போது அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும். "இதை ஏன் என்கிட்ட சொல்றே, கோட்டையில போய்ச் சொல்லு" என்பார். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.