கூத்தடிக்கட்டும், தடுக்காதீர்கள்!

மூன்று, நான்கு வயதுக் குழந்தை தலையணையைப் படுக்க வைத்து ஊசி போடும். கவிழ்த்துப் போட்ட முக்காலியில் உட்கார்ந்து, 'போலாம் ரைட்' என்று பஸ் ஓட்டும். வெறும் டம்ளரை நீட்டி, 'காபி குடிங்க' என்று உபசரிக்கும். உடனே நம்மில் பலர், 'கூத்தடிச்சது போதும், நோட்டை எடுத்து ஏ, பி, சி, டி எழுது' என்று அதட்டுகிறோம். அந்தக் கூத்துதான் அந்த வயதின் முதல் பாடம் என்பேன் நான்.

யோசித்துப் பாருங்கள். கண்டக்டராகும் குழந்தை சில்லறை எண்ணுகிறது. 'படியில நிக்காதீங்க' என்று முழு வாக்கியம் பேசுகிறது. அடுத்த பிள்ளையின் முறை வரும்வரை காத்திருக்கவும் பழகுகிறது. இத்தனையும் நோட்டில் கோடு போட்டால் வருமா?

இது புதுசும் இல்லை. குஜராத்தில், பாவ்நகரில் 1920ல் பாலர் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பதேகா, கதையையும் நாடகத்தையும் வகுப்புக்குள் கொண்டு வந்தவர். மத்திய அரசு 2022ல் வெளியிட்ட, 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கான பாடத்திட்ட வழிகாட்டியும், விளையாட்டு வழியே கற்பதைத்தான் வலியுறுத்துகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். எங்கள் தெருவில் எல்.கே.ஜி. படிக்கும் சிறுமி ஒருத்தி, பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, ஸ்கேலால் அடித்து, 'மறுபடி ஒண்ணுக்கு போணும்னு கேப்பியா?' என்று மிரட்டுவாள். அதைக் கவனித்த அவள் அம்மா, பக்குவமாக விசாரித்தபோதுதான், பிள்ளை பள்ளியில் பயந்து சிறுநீரை அடக்கி வந்தது தெரிந்தது. நேரில் போய்ப் பேசி சரி செய்தார். 'ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?' என்று கேட்டால், 'ஒண்ணுமில்ல' என்கிற குழந்தை, விளையாட்டில் மனசைக் கொட்டி விடுகிறது. விளையாட்டில் வருவதெல்லாம் நிஜமாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஆனால், காது கொடுத்துக் கேட்பது நம் கடமை.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஓர் அட்டைப் பெட்டியில் அப்பாவின் பழைய சட்டை, துப்பட்டா, மரக் கரண்டி, காலி டப்பாக்கள் போட்டு வையுங்கள். பட்டாணி, பொத்தான், காசு போன்றவை மட்டும் வேண்டாம். வாயில் போட்டு விழுங்கி விடுவர். தடுப்பூசிக்கு அழைத்துப் போகும் முன், நீங்கள் நோயாளி, குழந்தை டாக்டர் என்று விளையாடுங்கள். 'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லாமல், 'கொஞ்சம் சுருக்குனு இருக்கும்' என்று சொல்லுங்கள்.

பாட்டி வடை சுட்ட கதையை நடிக்கச் சொல்லுங்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 'கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேனே' என்று காக்கா நரியிடம் சொன்னால் சொல்லட்டுமே! கூச்சப்படும் குழந்தையை முன்னால் தள்ளாதீர்கள். மரமாக நிற்பதும் நடிப்புதான். சொப்பு வைத்து சமைக்கும் பையனை, 'பொம்பளைப் பிள்ளையா நீ?' என்று கேலி செய்யாதீர்கள். நாளைக்கு அவன் மனைவி உங்களை வாழ்த்துவாள்.

மேடையேற்றும் ஆசையையும் கொஞ்சம் அடக்க வேண்டும். வாடகை உடை, உதட்டுச் சாயம், தூக்கக் கலக்கத்தோடு மணிக்கணக்காகக் காத்திருப்பு... ஆண்டு விழாவில் அழும் பிஞ்சுகளைப் பார்த்தால், அது யாருக்கான நாடகம் என்றே கேட்கத் தோன்றுகிறது. வீட்டிலும், தானாக விளையாடும் பிள்ளையிடம் செல்போனை நீட்டி, 'மாமாவுக்கு இன்னொரு தடவை செஞ்சு காட்டு' என்றால், விளையாட்டு அங்கேயே செத்து விடும்.

'அடுப்படி வேலைக்கு நடுவே எனக்கு நேரமேது?' என்கிறீர்களா? காய் நறுக்கிக் கொண்டே, 'ஏம்பா கடைக்காரரே, கத்திரிக்காய் கிலோ என்ன விலை?' என்று கேளுங்கள் போதும். மீதிக் கடையை உங்கள் பிள்ளையே நடத்திக் கொள்ளும்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.