கணினித் திரையின் இரு கணக்குகள்

சித்தூர்ப் புழையின் மூலத்தரை அணையிலிருந்து பிரியும் வாய்க்கால்களை நம்பிப் பயிரிடும் உழவர் இரண்டு கணக்குகளை நன்கு அறிவர். முறைத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தரம் வருகிறது என்பது ஒன்று. வந்த நீர் வயல் முழுவதும் பரவ எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது மற்றொன்று. கணினித் திரை வாங்கப் புகுவோரும் இத்தகைய இரு கணக்குகளை அறிந்திருத்தல் நலம்.

திரையிற் காணும் படம் ஒரு வினாடியில் எத்தனை தடவை புதிதாக எழுதப்படுகிறது என்பதே புதுப்பிப்பு வீதம். இதன் அலகு ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் நிற்கும் காலம் ஏறக்குறைய 16.7 மில்லிவினாடி, 144 ஹெர்ட்ஸ் திரையில் 6.9 மில்லிவினாடி. ஒரு புள்ளி ஒரு சாயலிலிருந்து வேறொரு சாயலுக்கு மாற எடுத்துக்கொள்ளும் காலம் துலங்கு நேரம். திரவப் படிகத் திரையில் மூலக்கூறுகள் மின்னழுத்தத்துக்கு இணங்கித் திரும்ப வேண்டியிருத்தலின் இக்காலம் தேவைப்படுகிறது. அவை திரும்பி முடிவதற்குள் அடுத்த படம் வந்துவிடின், ஓடும் பொருளின் பின்னே நிழல் இழுபடும். வயல் நிறையுமுன் முறை மாறிய கதைதான் அது.

ஆகவே, வீதத்தை மட்டும் உயர்த்துவதாற் பயன் முழுமையாகாது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் "1 மில்லிவினாடி" என்னும் எண்ணையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும். மாற்றத்தின் முதற் பத்து விழுக்காட்டையும் இறுதிப் பத்து விழுக்காட்டையும் நீக்கி அளப்பது வழக்கம். மிகுதியான மின்னழுத்தம் கொடுத்து விரைவுபடுத்தும் அமைப்பில் எடுத்த அளவே பெரும்பாலும் விளம்பரத்தில் இடம்பெறுகிறது. அவ்வமைப்பிலோ நிழலுக்கு மாறாக ஒளிவிளிம்பு தோன்றக்கூடும். பின்னொளியை விட்டுவிட்டு எரித்துப் பெறும் அசைவு அளவு முற்றிலும் வேறானது.

60 ஹெர்ட்ஸ் கண்ணைக் கெடுக்கும் என்னும் அச்சம் பழைய படக்குழாய்த் திரைகளின் காலத்தது. அவற்றில் ஒளி தோன்றி மறைந்து சிமிட்டியது. திரவப் படிகத் திரையோ அடுத்த படம் வரும்வரை முன்னதைத் தாங்கி நிற்கும். எனவே பாடம் படிக்கவும் கணக்கெழுதவும் 60 ஹெர்ட்ஸ் போதுமானது. விரைந்த விளையாட்டுகளுக்கே உயர் வீதம் உண்மையிற் பயன்படும். எளிய குடும்பம் பிள்ளையின் படிப்புக்கென ஒதுக்கிய பணத்தைத் தெளிந்த எழுத்துக்கும் தக்க ஒளியளவுக்கும் செலவிடுவதே அறிவுடைமை.

மின்னணுப் பொருள்களுக்கான 2012ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணை பாதுகாப்பை நோக்கமாகக் கொண்டிருந்தது. பாதுகாப்பைப் போன்றே உண்மையும் வாங்குவோரின் உரிமையாம். துலங்கு நேரத்தை அச்சிடுவோர் அதனை எம்முறையில் அளந்தனர் என்பதையும் உடன் அச்சிடல் வேண்டும் என விதித்தல் தகும். அளந்த முறை கூறாத எண், படி இன்னதென்று சொல்லாமல் நெல் விற்பதை ஒக்கும்.