ஒரே மருந்து, இரு விளைவு

நாணய மதிப்புக் குறைப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே நம்மவர்க்கு மானக்கேடாகத் தோன்றும். பிரிட்டனின் பவுனைப் பின்பற்றிக் குறைத்த 1949-ஐ விட்டுவிட்டால், சுதந்திர இந்தியா இருமுறை இம்மருந்தை உட்கொண்டது. முதன்முறை நோய் தீரவில்லை, மறுமுறை தீர்ந்தது. காரணம் யாது?

1966 ஜூன் 6ஆம் தேதி, ரூ. 4.76க்குக் கிடைத்த டாலர் ரூ. 7.50 ஆயிற்று. முந்திய ஆண்டில் பாகிஸ்தானுடன் போர், மழையும் பொய்த்தது, அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்தே நாடு உண்டது. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் இம்முடிவை விரும்பவில்லை. ரூபாய் மலிந்தால் ஏற்றுமதி பெருகும் என்பது கணக்கு. ஆனால் தேயிலைக்கும் சணலுக்கும் ஏற்றுமதி வரி விதித்து, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டார்கள். இயந்திர உதிரிப்பாகம் ஒன்றை வரவழைக்கவும் ஆலை முதலாளி லைசென்சுக்காகக் காத்து நிற்கும் நிலை நீங்கவில்லை. அடுத்த பருவமும் மழை தவறவே, தானிய விலை ஏறிற்று. 1967 தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் அரிசி விலையே பெரும் பேச்சாயிற்று. காங்கிரஸ் ஆட்சியை இழந்தது.

மதிப்பைக் குறைத்தது பிழையன்று, அதைத் தனியாகச் செய்ததே பிழை என்பது எமது கருத்து.

1991இல் நிலைமை இன்னும் மோசம். கையிருப்பிலிருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும். தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தோம். ஜூலை 1, 3 ஆகிய தேதிகளில் இரு தவணையாக ரூபாயின் மதிப்பு ஏறத்தாழ 18 சதவீதம் குறைக்கப்பட்டது. முதல் தவணைக்கே எதிர்ப்புக் கிளம்பிற்று. தயங்கியிருந்தால் இரண்டாவது நடந்திராது. இம்முறை மருந்தோடு பத்தியமும் வந்தது. ஜூலை 24ஆம் தேதி, 18 தொழில்கள் நீங்கலாக ஏனையவற்றுக்கு லைசென்ஸ் முறையே ஒழிந்தது. 1994 மார்ச்சில் அந்நியச் செலாவணி 1,500 கோடி டாலரைத் தாண்டிற்று.

ஆயினும் பத்தியம் யார் வயிற்றில் விழுந்தது? உர விலையை 40 சதவீதம் உயர்த்த முற்பட்ட அரசாங்கம், எதிர்ப்புக்குப் பணிந்து 30க்கு இறங்கிற்று. மாதச் சம்பளக்காரருக்கு அவ்வாறு இறங்கி வருவார் எவருமிலர். அவ்வாண்டு விலைவாசி 13 சதவீதத்துக்கு மேல் ஏறியதை அவர்கள் மளிகைக் கணக்கிலேயே படித்தறிந்தனர்.