நாடகம் எழுதியவர் யார்?



'மனோகரா' திரைப்படத்தைப் பற்றி நம் தோட்டத்து முதியவர் எவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படம் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பெற்றது. சங்கிலியால் பிணிக்கப்பட்ட மகன் அரசவையில் முழங்கும் காட்சியைப் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு நடித்துக்காட்டிய இளைஞர்களை நாம் சிறுவயதில் கண்டதுண்டு. நடித்தவர் சிவாஜி கணேசன் என்பதை அறியாதார் இலர். திரைக்கு உரையாடல் எழுதியவர் கலைஞர் மு. கருணாநிதி என்பதையும் பலர் அறிவர். ஆனால் அதனை முதலில் நாடகமாக எழுதியவர் யார்? 1891ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் என்று நாம் கூறியபோது, நம் ஆசிரியர் அறையிலேயே இருவர் வியப்புற்றனர்.

இஃது ஒன்று மட்டுமன்று. 1952இல் வந்த 'பராசக்தி', பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம். 1954இல் வந்த 'இரத்தக் கண்ணீர்', திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகம். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்', சக்தி கிருஷ்ணசாமி எழுதி மேடையில் முழங்கிய நாடகம். கட்டபொம்மன் வசனத்தை ஒப்புவிக்காத தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா ஒரு காலத்தில் இந்நாட்டில் இருந்திருக்குமா என்பது ஐயமே. ஒப்புவித்த சிறுவனுக்குக் கைதட்டினோம். எழுதியவர் பெயரை ஒருமுறையேனும் ஒலிபெருக்கியில் சொன்னோமா? சொல்லவில்லை.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பாருளர். கெட்டுத்தான் போயிற்று. நாடகம் என்பது எங்கிருந்தோ வந்து இறங்குவது, நாம் மனனம் செய்து பேசுவதற்கு மட்டுமே உரியவர்கள் என்னும் எண்ணம் நம் பிள்ளைகள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. இன்று திடலில் படம் காட்டுவார் இல்லை, கைப்பேசியில் காண்கின்றனர். ஆயினும் விழா வந்தால் திரைக்காட்சியைப் பார்த்து அப்படியே நடிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஆகவேதான் 2024ஆம் ஆண்டு நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், ஆண்டு விழாவின் ஒரு மாலைப்பொழுதைப் புதிய நாடகங்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று வாதாடினோம். நம் தோட்டத்தார் எழுதியவையாக இருத்தல் வேண்டும். ஒவ்வொன்றும் கால் மணி நேரத்திற்கு மேற்படலாகாது. நாடகம் முடிந்ததும் எழுதியவர் மேடைக்கு வந்து தம் பெயரைச் சொல்லி, கேட்பவர்க்கு விடை கூறுதல் வேண்டும். இவையே நாம் விதித்த நிபந்தனைகள். பரிசு இல்லை என்றதும் சிலர் முகம் சுளித்தனர். நாமும் பல நாடகப் போட்டிகளில் நீதிபதியாக அமர்ந்து, தேநீர் அருந்தி, புள்ளிகள் இட்டவர்தாம். போட்டியில் எழுதுகிறவன் நீதிபதிக்கு எது பிடிக்கும் என்று எண்ணியே எழுதுகிறான். விழாவில் எழுதுகிறவனுக்கு எதிரே அமர்ந்திருப்பவர்கள் அண்டை வீட்டார். அவர்களை ஏமாற்ற இயலாது.

நான்கு நாடகங்கள் வந்தன. பால்மரம் வெட்டும் தாய் ஒருவர், தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞர் ஒருவர், லாரி ஓட்டும் அன்பர் ஒருவர், ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆகியோர் எழுதியவை. லாரி அன்பரின் நகைச்சுவை நாடகத்தில் சிரிப்பு இருந்தது, கதைதான் இல்லை. அதனால் குறை ஒன்றுமில்லை, அடுத்த முறை கதையும் வரும்.

மாணவியின் நாடகத்தில் நாம் ஒரு தவறு செய்தோம். அதனை மறைக்க விரும்பவில்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டிற்குச் செல்லவிருக்கும் பாட்டி பேசுவதாக, "ஏண்டி, நான் போயிட்டா இந்த மாமரத்துக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று அவள் எழுதியிருந்தாள். சிவப்பு மையை எடுத்து, "நான் சென்றுவிட்டால் இந்த மாமரத்திற்கு நீர் ஊற்றுவார் யார்?" என்று திருத்தினோம். பயிற்சிக் கல்லூரியில் கற்ற இலக்கணம் கையை விட்டு எளிதில் போவதில்லை. ஒத்திகையின்போது அச்சிறுமி அருகே வந்து, "ஐயா, எங்க பாட்டி இப்படிப் பேச மாட்டாங்க" என்றாள். மேலும் ஒரு சொல் பேசவில்லை. அன்று மாலையே திருத்தியதை அடித்துவிட்டு அவள் எழுதியதையே மீண்டும் எழுதிக் கொடுத்தோம்.

கட்டுரையில் செந்தமிழ் வேண்டும் என்பதில் நாம் இன்றும் உறுதியாயுள்ளோம். நாடகத்திலோ பாத்திரம் தன் நாவால் பேசவேண்டும். விழா மாலையில் அந்த வினாவைப் பாட்டியாக நடித்த பிள்ளை கேட்டதும், முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "நான் ஊத்துறேன், நீ போ" என்று உரக்க விடையளித்தார். நம் செந்தமிழ் வினாவிற்கு அவ்விடை கிடைத்திருக்குமா?

இளைஞரின் நாடகமே பெரும் சோதனையாயிற்று. சம்பள நாளன்று பணம் முழுவதையும் குடித்துவிட்டு வீடு திரும்பும் தந்தையைப் பற்றியது அது. நாடகம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, "என்னைத்தானே காட்டினே? ஊருக்கு முன்னால அவமானப்படுத்துறியா?" என்று உரத்த குரலில் கேட்டார். கூட்டம் அசைவற்றது. 'விழாவை இத்துடன் நிறுத்திவிடலாமா?' என்று சங்கச் செயலாளர் நம் காதில் கேட்டார். உண்மையைச் சொன்னால், நமக்கும் அவ்வெண்ணமே தோன்றிற்று. அதற்குள் எழுதியவர் மேடையில் முன்னால் வந்து, "இல்லண்ணே. அது எங்கப்பா" என்றார். எழுந்தவர் சற்று நேரம் நின்றார், பிறகு அமர்ந்தார். விழா முடிந்தபின் அவ்விருவரும் தேநீர் மேசையருகே பேசிக்கொண்டிருந்ததைக் கண்டோம். என்ன பேசினர் என்பதை நாம் கேட்கவில்லை.

எழுதியவர் பெயர் மறைந்திருந்தால், அவர் மேடைக்கு வராதிருந்தால், அன்றைய ஐயம் இன்றும் லயத்தில் புகைந்துகொண்டிருக்கும். குடும்பக் குறையை மேடையேற்றலாமா என்று சில பெற்றோர் இன்றும் கேட்கின்றனர். பிறர் குறையைப் பெயர் மறைத்து எழுதுவதை நாமும் ஏற்கமாட்டோம். தம் வீட்டுத் துன்பத்தைத் தம் பெயரோடு சொல்ல ஒருவர் துணிந்தால், அவர் வாயை மூடும் உரிமை சங்கத்திற்கும் இல்லை, தலைமையாசிரியருக்கும் இல்லை.

இம்முயற்சி நமக்கே உரிய புதுமையன்று. சிங்கப்பூரில் 1988ஆம் ஆண்டில் தோன்றிய ரவீந்திரன் நாடகக் குழு, புதியவர்கள் எழுதும் குறுநாடகங்களுக்கெனப் 'பத்தே நிமிடம்' என்னும் மேடையை நடத்தியிருக்கிறது. பத்து நிமிடம் என்பது எழுதத் தொடங்குவோர்க்கு நல்ல அளவு. மூன்று மணி நேர நாடகம் என்றால் அரசனும் அமைச்சனும் வேண்டும். பத்து நிமிடத்திற்கு ஒரு திண்ணையும் இரண்டு பேரும் போதும்.

எழுதப் பொருள் இல்லை என்று மட்டும் எவரும் சொல்ல வேண்டா. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்குதாரர் ஆயினர். அப்பத்து வெள்ளியைக் கொடுப்பதா, பிள்ளைக்குச் சட்டை வாங்குவதா என்று அடுப்பங்கரையில் கணவனும் மனைவியும் பேசியிருப்பார்கள் அன்றோ? ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டபோது, வெட்டுக்கத்தி பிடித்துப் பழகிய கைகள் என்ன செய்தன? இவற்றை நேரில் கண்டவர்கள் நம் தோட்டத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இன்று உள்ளனர். சென்ற விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருந்த இருவர் இவ்வாண்டு நம்மிடையே இல்லை.

அடுத்த விழாவிற்கான நாடகங்களைப் பொங்கலுக்கு முன்னர்ப் பள்ளி அலுவலகத்தில் கொடுக்கலாம். பயிற்சிப் புத்தகத்தில் எழுதினாலே போதும். தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. சிவப்பு மை படாது என்று உறுதி கூறுகிறோம். எழுத இயலாத முதியோர் புதன்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளி நூலகத்திற்கு வரலாம். அவர்கள் சொல்லச் சொல்ல, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சொன்னபடியே எழுதித் தருவார்கள். முதல் பக்கத்தில் சொன்னவர் பெயர் இருக்கும்.